புகைக்கரியைக் குறைந்த வெப்பத்தில் எரிக்கும் வினையூக்கி: தயாரிப்பிலிருந்து டி.ஜி.ஏ. கணக்கு வரை முழுமையான வழிகாட்டி

டீசல் புகைக்கரி காற்றில் தானாக எரிய 600 டிகிரியை ஒட்டிய வெப்பம் வேண்டும். கார் எஞ்சினின் புகைக்குழாயில் வழக்கமான ஓட்டத்தில் கிடைப்பதோ 200 முதல் 400 டிகிரிதான். இந்த இடைவெளியை அடைப்பதற்குத்தான் வினையூக்கி. எம்.எஸ்சி. புராஜெக்டுக்கோ முனைவர் பட்ட முதலாண்டிலோ இந்த வேலையைக் கையில் எடுப்பவர்களுக்காக இது எழுதப்பட்டுள்ளது. சீரியா (சீரியம் ஆக்சைடு), பொட்டாசியம் ஏற்றிய சீரியா ஆகிய இரண்டையும் செய்து, கரியோடு கலந்து, டி.ஜி.ஏ. கருவியில் (சூடேற்றிக்கொண்டே மாதிரியின் எடை மாறுவதை அளக்கும் கருவி) ஓட்டி, நம்பத்தக்க எண்ணை எடுப்பதுவரை பார்ப்போம். எல்லா வெப்பநிலைகளும் செல்சியஸில்.

வினையூக்கி செய்வது இதில் எளிதான பகுதி. கலக்கும் கை, குருசிபிளில் (மாதிரியை வைத்துச் சூடாக்கும் சிறு கிண்ணம்) போட்ட அளவு, உள்ளே மிச்சமிருக்கும் நைட்ரேட் ஆகிய மூன்றும் சேர்ந்து எரிதல் வெப்பநிலையை 100 டிகிரிக்கு மேல்கூட நகர்த்திவிடும். அதனால் படிகளை இங்கே சொன்ன வரிசையிலேயே செய்யுங்கள்.

1. வினையூக்கி எந்த வழியில் வேலை செய்கிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

சோதனையின் வாயுவையும் கலக்கும் முறையையும் இதுதான் தீர்மானிக்கும்.

சீரியா தன் படிகத்திலுள்ள ஆக்சிஜனைக் கரிக்குக் கொடுத்துவிட்டு, காலியான இடத்தைக் காற்றிலிருந்து நிரப்பிக்கொள்கிறது. கொடுக்கும் இடம் கரியைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். தொடாத கரிக்கு இதனால் பெரிய பயனில்லை.

பொட்டாசியம் போன்ற கார உலோகங்கள் வெப்பத்தில் நகரும் தன்மை கொண்டவை. வினையூக்கியின் மேற்பரப்பிலிருந்து கரியின் மேல் பரவித் தொடுகையைத் தாமே உண்டாக்கிக்கொள்கின்றன.

பிளாட்டினத்தின் வழி வேறு. புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடை அது நைட்ரஜன் டைஆக்சைடாக மாற்றுகிறது. அந்த வாயு கரியிடம் போய் எரிக்கிறது. வெறும் காற்றில் பிளாட்டினத்தைச் சோதித்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று எழுதுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. அதற்கு வாயுவில் நைட்ரிக் ஆக்சைடு இருந்தாக வேண்டும் (படி 9).

2. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

சீரியம் நைட்ரேட் ஹெக்சாஹைட்ரேட், 25 சதவீத அம்மோனியாக் கரைசல், பொட்டாசியம் கார்பனேட், காய்ச்சி வடித்த நீர். மாதிரிக் கரியாக பிரிண்டெக்ஸ்-யு (விலைக்குக் கிடைக்கும் ஒரு கார்பன் கரித் தூள்). உலகெங்கும் ஆய்வகங்கள் இதையே பயன்படுத்துவதால் உங்கள் எண்ணை மற்றவர்களின் எண்ணோடு ஒப்பிடலாம். எஞ்சினிலிருந்து சுரண்டிய கரியில் எரியாத எண்ணெயும் சாம்பலும் கலந்திருக்கும். முதல் வேலைக்கு அது வேண்டாம்.

அகேட் கல்வமும் குழவியும், கண்ணாடிக் குப்பிகள், மஃபிள் ஃபர்னஸ், டி.ஜி.ஏ.வுக்கு அகலமான, ஆழம் குறைந்த அலுமினா குருசிபிள். பிளாட்டினம் பான் கூடாது: அதுவே வினையூக்கி, போதாததற்குப் பொட்டாசியம் அதை அரிக்கும். கரியைப் பிளாஸ்டிக் குப்பியில் எடுக்காதீர்கள். நிலைமின்னால் பாதி சுவரில் ஒட்டிக்கொள்ளும். எடை எப்போதும் குறைந்தே வரும்.

கரியை எடுப்பதும் அரைப்பதும் ஃபியூம் ஹூட்டுக்குள், என்-95 முகமூடியுடன். கார்பன் கரியை மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியதாக இருக்கலாம் என்ற 2பி பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. விரல் நகத்துக்குள் போனால் இரண்டு நாளைக்குப் போகாது; மூச்சுக்குள் போனால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

3. வினையூக்கியைத் தொடும் முன் வெறுங்கரியை ஓட்டுங்கள்

முதலில் வெற்று குருசிபிளை 700 டிகிரி வரை ஓட்டிச் சேமியுங்கள். சூடேறும்போது வாயுவின் அடர்த்தி குறைவதால் எடை கூடுவதுபோலக் கருவி காட்டும். 1 மி.கி. கரியை அளக்கும் இடத்தில் இந்தப் பொய் எடை சிறிய விஷயம் இல்லை. இந்தக் கோட்டைப் பின்னால் வரும் எல்லா ரன்னிலிருந்தும் கழிக்க வேண்டும்.

அடுத்து 1 மி.கி. பிரிண்டெக்ஸ்-யு-வை 10 மி.கி. அலுமினாத் தூளுடன் கலந்து, நிமிடத்துக்கு 10 டிகிரி வேகத்தில் காற்றில் ஓட்டுங்கள். பாதிக் கரி எரியும் வெப்பநிலை 600 டிகிரிக்கு அருகில் விழ வேண்டும். 540, 550 என்று வந்தால் கருவியின் வெப்பநிலை அளவீடு தவறு, அல்லது குருசிபிளில் பழைய பொட்டாசியம் ஒட்டியிருக்கிறது. டி.எஸ்.சி. (மாதிரி உள்வாங்கும், வெளியிடும் வெப்பத்தை அளப்பது) வசதியுள்ள கருவியானால் நைட்ரஜனில் துத்தநாகத்தை உருக்கிப் பாருங்கள், 419.5 டிகிரியில் உருக வேண்டும். நமக்கு வேண்டிய எல்லைக்குள்ளேயே அது வருவதால் நல்ல சோதனை.

வெறுங்கரியை அலுமினா கலக்காமல் தனியாகப் போட்டால் குவியலாக உட்கார்ந்து, வினையூக்கிக் கலவையைவிட வேறுவிதமாக எரியும். ஒப்பிடும் இரண்டும் ஒரே படுகை அமைப்பில் (தூள் பரவிக் கிடக்கும் விதம்) இருக்க வேண்டும்.

4. சீரியா தயாரித்தல்

5.0 கிராம் சீரியம் நைட்ரேட்டை 100 மி.லி. நீரில் கரையுங்கள். இதிலிருந்து கிடைக்கக்கூடிய சீரியா 1.98 கிராம், வடிகட்டியில் கொஞ்சம் போகும்.

15 மி.லி. அம்மோனியாக் கரைசலை நீர் சேர்த்து 100 மி.லி. ஆக்கிக்கொள்ளுங்கள். கலக்கிக்கொண்டே சொட்டுச் சொட்டாக, பிஎச் 9.5 வரும்வரை விடுங்கள். சுமார் 50 மி.லி. பிடிக்கும். மொத்தமாகக் கொட்டினால் சில இடங்களில் மட்டும் காரம் ஏறி, துகள்கள் ஒரே அளவில் வராது.

முதலில் விழும் வீழ்படிவு வெளுத்து, லேசான ஊதாச் சாயலுடன் இருக்கும். திறந்த பீக்கரில் 2 மணி நேரம் கலக்கினால் காற்றிலுள்ள ஆக்சிஜனால் மெல்ல மஞ்சளாகும். மூன்று இணைதிறன் சீரியம் நான்காக மாறுவதன் அடையாளம் அது. மூடி வைத்துவிட்டு "நிறமே மாறவில்லை" என்று தவிக்க வேண்டாம்.

வடிகட்டி, வடிநீரின் பிஎச் 7-க்கு வரும்வரை கழுவுங்கள். 110 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்தி, பொடித்து, 550 டிகிரியில் 5 மணி நேரம் சுடுங்கள். ஏற்றும் வேகம் நிமிடத்துக்கு 2 டிகிரி. அதற்கே நாலரை மணி நேரம் ஆகும் என்பதால் காலையிலேயே ஃபர்னஸைத் தொடங்குங்கள். வேகமாக ஏற்றினால் உள்ளே இருக்கும் நீரும் அம்மோனியம் நைட்ரேட்டும் ஒரேயடியாக வெளியேறித் தூள் சிதறும். கழுவுவதில் சோம்பல் பட்டவர்களுக்கு இது நிச்சயம் நடக்கும்.

வெளிறிய மஞ்சள் தூள் கிடைக்க வேண்டும். பழுப்பாக இருந்தால் இரும்போ வேறு உலோகமோ கலந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டீல் கரண்டியால் சுரண்டியது காரணமாக இருக்கலாம்.

5. பொட்டாசியம் ஏற்றுதல்: இங்கே வெடியுப்பு வேண்டாம்

1.00 கிராம் சீரியாவுக்கு 50 மி.கி. பொட்டாசியம் என்று வைத்துக்கொள்வோம். பொட்டாசியம் கார்பனேட்டாக அது 88 மி.கி. இந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுப்பது. 120 டிகிரியில் உலர்த்தி, ஆறியவுடன் எடை போடுங்கள்.

சீரியாவின் துளைகள் எவ்வளவு நீர் குடிக்கும் என்று முதலில் பாருங்கள். வேறொரு 1 கிராமை எடுத்து, மைக்ரோபிப்பெட்டால் நீர் சொட்டிக் கிளறிக்கொண்டே வாருங்கள். தூள் உதிராமல் ஈரமாகத் திரளத் தொடங்கும் அளவுதான் உங்கள் அளவு. உப்பை அந்த அளவு நீரிலேயே கரைத்துச் சொட்டுங்கள். அதிக நீரில் கரைத்தால், உலரும்போது உப்பு கிண்ணத்தின் ஓரத்துக்கு ஏறி வெள்ளை வளையமாக உறையும். ஓரத்தில் ஒரு வினையூக்கியும் நடுவில் இன்னொன்றும் உங்களிடம் இருக்கும்.

110 டிகிரியில் உலர்த்தி, 550 டிகிரியில் 3 மணி நேரம் சுடுங்கள். டெசிகேட்டரில் வையுங்கள்.

பலர் கார்பனேட்டுக்குப் பதில் பொட்டாசியம் நைட்ரேட்டை எடுக்கிறார்கள், கரைவது எளிது என்று. பொட்டாசியம் நைட்ரேட் என்பது வெடியுப்பு. அதையும் கரியையும் சேர்த்தால் என்ன நடக்கும் என்பது பட்டாசு செய்பவர்களுக்குத் தெரியும். அது 334 டிகிரியில் உருகும். 500 டிகிரியில் சுட்டாலும் பெரும்பகுதி சிதையாமல் இருக்கும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: 10 மி.கி. வினையூக்கியில் சுமார் 12.8 மைக்ரோமோல் நைட்ரேட், 1 மி.கி. கரியில் 83 மைக்ரோமோல் கார்பன். நைட்ரேட்டின் ஆக்சிஜன் முழுதும் செலவானால் கரியில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தானே எரித்துவிடும். உங்கள் "அருமையான" தொடக்க வெப்பநிலை வினையூக்கத்தால் வந்ததே அல்ல, நைட்ரேட் தீரும்வரை நடக்கும் ஒரு தடவைக் காரியம்.

சந்தேகம் இருந்தால் கலவையை நைட்ரஜனில் ஓட்டுங்கள். 350 முதல் 450 டிகிரிக்குள் கூர்மையான எடைச் சரிவு வந்தால் நைட்ரேட் இருக்கிறது. சீரியாவின் சொந்த ஆக்சிஜனும் நைட்ரஜனில் கொஞ்சம் கரியை எரிக்கும், ஆனால் அது சாய்வாக, நிதானமாக வரும்.

6. கரியுடன் கலத்தல்: எல்லாம் இங்கேதான் தீர்மானமாகிறது

விகிதம் எடையில் 10 பங்கு வினையூக்கிக்கு 1 பங்கு கரி. நேரே 11 மி.கி. கலக்க முயலாதீர்கள். 100 மி.கி. வினையூக்கியும் 10 மி.கி. கரியும் கலந்து, அதிலிருந்து எடுங்கள். 10 மி.கி. கரியை 0.1 மி.கி. துல்லியத்திலாவது எடை போட வேண்டும்.

இறுகிய தொடுகை (ஆய்வகப் பேச்சில் "டைட்"): அகேட் கல்வத்தில் 10 நிமிடம், கடிகாரம் பார்த்து அரையுங்கள். ஓரத்தில் ஏறுவதை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நடுவுக்கு வழியுங்கள். முடிவில் எங்கும் மஞ்சள் தெரியாத ஒரே சீரான கருஞ்சாம்பல் நிறம் வர வேண்டும். நாளுக்கு நாள், ஆளுக்கு ஆள் அழுத்தம் மாறும் என்பதால் ஒரு தொடர் முழுவதையும் ஒரே கை அரைப்பது நல்லது. சிறிய பால் மில் இருந்தால் இன்னும் நல்லது.

தளர்ந்த தொடுகை ("லூஸ்"): கண்ணாடிக் குப்பியில் போட்டு ஸ்பேட்டுலாவால் 2 நிமிடம் கிளறுங்கள். நசுக்கக் கூடாது, குப்பியின் சுவரோடு தேய்க்கக் கூடாது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கரித் திரளுக்கு நடுவே மஞ்சள் மணிகள் தனித்தனியாகத் தெரியும். தெரியாவிட்டால் நீங்கள் அரைத்துவிட்டீர்கள்.

இரண்டையும் ஏன் செய்ய வேண்டும்? இறுகிய தொடுகை வினையூக்கியின் உள்ளார்ந்த திறனைக் காட்டும். பொருள்களைத் தம்முள் ஒப்பிட அது வேண்டும். ஆனால் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் உண்மையான வடிகட்டியில் கரி, பூசப்பட்ட சுவரின்மேல் பறந்து வந்து உட்காருகிறது. யாரும் அதை அரைப்பதில்லை. அங்கே இருப்பது தளர்ந்த தொடுகை. சாதாரண சீரியா இறுகிய தொடுகையில் 400 முதல் 450 டிகிரிக்குள் பாதிக் கரியை எரிக்கும். தளர்ந்த தொடுகையில் அதுவே 500-ஐத் தாண்டிவிடும். பொட்டாசியம் ஏற்றியதில் இந்த வித்தியாசம் குறையும், அது தானே நகர்ந்து போய்த் தொடுவதால். டைட் எண்ணை மட்டும் எழுதிவிட்டு "வாகனங்களுக்கு ஏற்றது" என்று முடிப்பது நேர்மையல்ல.

தொடுகையின் மதிப்பை வண்டித் தொழிலும் அறிந்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டு பியூஜோ 607-இல் வந்த வடிகட்டி அமைப்பில் சீரியம் சேர்மத்தை டீசலிலேயே கலந்தார்கள். எரிபொருளோடு எரிந்து, கரித்துகள் உருவாகும்போதே சீரியா அதற்குள் பதிந்துவிடுகிறது. கல்வமே இல்லாமல் இறுகிய தொடுகை.

7. டி.ஜி.ஏ. ரன்

கலவையில் 11 மி.கி. எடுத்து குருசிபிளின் அடியில் மெல்லிய அடுக்காகப் பரப்புங்கள். மூடி போடாதீர்கள். தட்டி இறுக்கவும் வேண்டாம். லூஸ் மாதிரியைத் தட்டினால் அது லூஸ் இல்லை.

நைட்ரஜனில் 150 டிகிரிக்கு ஏற்றி 30 நிமிடம் வையுங்கள். பொட்டாசியம் உள்ள மாதிரி எடுத்து வைப்பதற்குள் ஈரம் குடித்திருக்கும்; அந்த நீர் போகும் எடையைக் கரி என்று எண்ணிவிடக் கூடாது. இந்தக் கட்டத்தில் 150-க்கு மேல் போக வேண்டாம், சீரியாவின் ஆக்சிஜன் கரியோடு வேலையைத் தொடங்கிவிடும்.

100 டிகிரிக்கு ஆறவிட்டு, நிமிடத்துக்கு 100 மி.லி. காற்றுக்கு மாற்றுங்கள். எடைக்கோடு நேராகும்வரை 10 நிமிடம் காத்திருந்து, நிமிடத்துக்கு 10 டிகிரி வேகத்தில் 700 வரை ஏற்றுங்கள். வேகத்தை நடுவில் மாற்றாதீர்கள்: வேகம் கூடினால் எரிதல் வெப்பநிலையும் கூடும், வேறு வேகத்தில் எடுத்த எண்களோடு ஒப்பிடவே முடியாது.

கரி இல்லாத வெறும் வினையூக்கி 10 மி.கி.யையும் இதே திட்டத்தில் ஓட்டுங்கள். அது இழக்கும் எடையும் கழிக்கப்பட வேண்டியதுதான்.

8. கணக்கு

ஒரு மாதிரிக் கணக்கு. குருசிபிள் பிளாங்க் (படி 3-இல் சேமித்த வெற்று ரன்) கழித்த பின் 200 டிகிரியில் எடை 10.92 மி.கி., 650 டிகிரியில் 9.90 மி.கி. இழப்பு 1.02. வெறும் வினையூக்கி இதே எல்லையில் இழந்தது 0.03. ஆகவே எரிந்த கரி 0.99 மி.கி. போட்டது 1.00. சரியாக வருகிறது.

இந்த எண் 0.7 என்றோ 1.3 என்றோ வந்தால் மேலே போகாதீர்கள். குப்பியிலிருந்து எடுத்த பங்கில் கரி சமமாக இல்லை என்று பொருள். லூஸ் மாதிரியில் இது சாதாரணம். மறுபடி எடுத்து ஓட்டுங்கள்.

எரிந்த கரியின் 10, 50, 90 சதவீதத்தை எட்டும் வெப்பநிலைகளை டி-10, டி-50, டி-90 என்று குறியுங்கள். "எரியத் தொடங்கும் வெப்பநிலை" என்று கண்ணால் பார்த்து எழுதுவதைத் தவிருங்கள். ஒரே வரைபடத்தில் மூன்று பேர் மூன்று எண் சொல்வார்கள். ஒவ்வொரு மாதிரியும் மூன்று முறை. டைட்டில் டி-50 ஐந்து டிகிரிக்குள் திரும்ப வர வேண்டும். லூஸில் பத்து டிகிரி வரை பொறுத்துக்கொள்ளலாம்.

டி-50 நன்றாக இருந்து டி-90 வெகுதூரம் தள்ளிப் போனால், தொட்டுக்கொண்டிருந்த கரி எரிந்துவிட்டது, தொடாதது தானாக எரியக் காத்திருக்கிறது என்று அர்த்தம். வரைபடம் இரண்டு படியாக இறங்கும். கலப்பதில்தான் கோளாறு, வினையூக்கியில் அல்ல.

மாதிரி தானே சூடேறுவதையும் இங்கேயே சரிபாருங்கள். 1 மி.கி. கார்பன் முழுதும் கார்பன் டைஆக்சைடானால் 33 ஜூல் வெளியாகும். 10 மி.கி. சீரியாவை 1 டிகிரி சூடாக்க சுமார் 0.004 ஜூல் போதும். அந்த வெப்பத்தில் நூற்றில் ஒரு பங்கு படுகையில் தங்கினாலே 80 டிகிரி ஏறிவிடும். அப்போது கரி எரிவது நீங்கள் வைத்த வெப்பநிலையில் அல்ல, தானே மூட்டிக்கொண்ட தீயில். எடைக்கோடு செங்குத்தாக விழுவதும், மாதிரி வெப்பநிலைக்கு எதிராக வரைந்தால் பின்னோக்கி வளைந்து கொக்கிபோல் ஆவதும் இதன் அடையாளங்கள். கலவையைப் பாதியாக்கி, அலுமினாத் தூள் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். டி-50 ஐந்து டிகிரிக்கு மேல் உயர்ந்தால் முதல் எண் பொய். "அதிகம் போட்டால் சிக்னல் நன்றாக வரும்" என்று 30 மி.கி. போடுபவர்களுக்கு மிக அழகான, முற்றிலும் தவறான வரைபடம் கிடைக்கும்.

9. நைட்ரிக் ஆக்சைடு கலந்த வாயுவில்

பிளாட்டினம் உள்ள வினையூக்கிக்கு டி.ஜி.ஏ. போதாது, குவார்ட்ஸ் குழாய் ரியாக்டர் வேண்டும். 8 மி.மீ. உள்விட்டம் போதும். 110 மி.கி. கலவையை 400 மி.கி. சிலிக்கான் கார்பைடு மணிகளோடு சேர்த்து, குவார்ட்ஸ் பஞ்சுக்கு நடுவே வையுங்கள். கார்பைடு வெப்பத்தைக் கடத்திப் படுகையைச் சமமாக வைக்கும். தெர்மோகப்பிளின் முனை படுகைக்குள் இருக்க வேண்டும், ஃபர்னஸ் சுவரில் அல்ல.

வாயு: நைட்ரிக் ஆக்சைடு 500 பி.பி.எம்., ஆக்சிஜன் 10 சதவீதம், மீதி நைட்ரஜன். வெளிவாயு ஹூட்டுக்குள்ளேயே போக வேண்டும். நைட்ரஜன் டைஆக்சைடு நுரையீரலைக் கெடுப்பது.

பிளாட்டினத்தில் டைஆக்சைடு உருவாவது 300 முதல் 350 டிகிரியை ஒட்டி உச்சத்தில் இருக்கும். அதற்குமேல் சமநிலை திரும்பி அது மறுபடி நைட்ரிக் ஆக்சைடாகும். ஆகவே சூட்டைக் கூட்டிக்கொண்டே போனால் பயன் கூடாது. எரிப்பது வாயு என்பதால் இங்கே டைட், லூஸ் வித்தியாசம் வெகுவாகக் குறையும். இந்த வழிக்குக் கந்தகம் பகை. பிளாட்டினம் கந்தக டைஆக்சைடையும் ஆக்சிஜனேற்றி சல்பேட்டாக்கும். இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்-6 டீசலில் கந்தகம் 10 பி.பி.எம்.முக்குள் வந்த பிறகுதான் இத்தகைய அமைப்புகள் இங்கே நிம்மதியாக ஓடுகின்றன.

கார்பன் மோனாக்சைடையும் டைஆக்சைடையும் தனித்தனியாக அளங்கள். 10 மி.கி. கரி முழுதும் எரிந்தால் இரண்டும் சேர்ந்து 25 டிகிரியில் சுமார் 20.4 மி.லி. வர வேண்டும். குறைந்தால் குழாய் இணைப்பில் கசிவு இருக்கிறதா என்று சோப்பு நீர் வைத்துப் பாருங்கள். வெறுங்கரி எரியும்போது மோனாக்சைடு கணிசமாக வரும். நல்ல வினையூக்கி அதைக் கிட்டத்தட்ட முழுதும் டைஆக்சைடாக்க வேண்டும். வெப்பநிலையைக் குறைத்துவிட்டு நச்சு வாயுவைக் கூட்டுகிற பொருளால் யாருக்கும் நன்மை இல்லை.

10. ஐந்து சுற்று ஓட்டுங்கள், பிறகு நீர் காட்டுங்கள்

ரன் முடிந்த வினையூக்கியை எடுத்து, புதிய கரியை அதே விகிதத்தில் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். 11 மி.கி. இதற்குப் போதாது, ரியாக்டரில் எரித்த பெரிய பங்கை, சலித்துக் கார்பைடைப் பிரித்த பின் பயன்படுத்துங்கள். கார்பைடு மணி வினையூக்கித் தூளைவிடப் பெரிதாக இருந்தால்தான் இது முடியும், வாங்கும்போதே பாருங்கள்.

முதல் சுற்றுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே டி-50 பெரிதாக உயர்ந்து, பிறகு நிலைத்தால் முதல் சுற்றில் உதவியது நைட்ரேட். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்துகொண்டே போனால் பொட்டாசியம் போய்க்கொண்டிருக்கிறது, அல்லது சீரியாவின் துகள்கள் ஒட்டிப் பெரிதாகின்றன. எதுவென்று அறிய, பொட்டாசியம் ஏற்றாத சீரியாவையும் உடன் ஓட்டுங்கள். அதுவும் உயர்ந்தால் துகள் வளர்ச்சி. சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்சைடு) கலந்த சீரியாவுக்கு மாறினால் அது மட்டுப்படும்.

கடைசியாக, 0.5 கிராம் வினையூக்கியை 50 மி.லி. நீரில் ஒரு மணி நேரம் கலக்கி, வடித்து, உலர்த்தி ஓட்டுங்கள். புகைக்குழாயில் வண்டி ஆறும்போதெல்லாம் நீர் திரளும் என்பதால் இந்தச் சோதனை வேண்டும். கார்பனேட்டாக ஏற்றிய பொட்டாசியத்தில் பெரும்பகுதி கரைந்து போய், எண் வெறும் சீரியாவுக்கு அருகில் திரும்பியிருக்கும். வடிநீரின் பிஎச்-சை அளந்தால் காரமாக இருப்பதும் தெரியும். இறங்கிய பொட்டாசியம் புகைக்குழாய் வடிகட்டியின் கார்டியரைட் (ஒரு பீங்கான் வகை) சுவரையும் சூட்டில் அரிக்கும். பொட்டாசியத்தை நீரில் கரையாதபடி தன் அமைப்புக்குள்ளேயே கட்டும் பெரோவ்ஸ்கைட் (ஒரு வகைக் கலப்பு உலோக ஆக்சைடு), கண்ணாடி போன்ற பொருள்களை நோக்கி ஆய்வு போனதற்கு இதுதான் காரணம். உங்கள் அடுத்த மாதிரியை அந்தப் பக்கம் தேடுங்கள். கழுவும் முன் வந்த டி-50-ஐயும் கழுவிய பின் வந்ததையும் ஒரே அட்டவணையில் பக்கம் பக்கமாகப் போடுங்கள்.